பாவாயி முதலில் பார்க்க வேண்டிய படம்

இந்திராணி அக்காவின் கடைசிப் படத்தை அவருடைய குடும்பம் திருடி வைத்திருக்கிறது. இதைவிட மென்மையான சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் இறந்த அன்றே, உடல் வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பே, அவருடைய வேலை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதற்குப் பத்திரம் என்று பெயர் இல்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் கண்காட்சி அமைத்துக் கொடுத்த ஓவியர்களுக்கும், அவர் தயாரித்த படங்களில் வேலை பார்த்தவர்களுக்கும், அவரோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களுக்கும். கடைசி வகையில்தான் ஆட்கள் அதிகம். அஞ்சலிக் கட்டுரை என்றால் இறந்தவரின் நல்ல குணங்களைச் சொல்ல வேண்டும் என்று இந்த இதழின் ஆசிரியர் போனில் நினைவூட்டினார். சொல்கிறேன். ஆனால் அக்கா போய்விட்டார் என்பதே எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. காலையில் எழுந்ததும் போனை எடுத்து அவர் திட்டி ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று பார்க்கிறேன்.

செய்தி வந்தது காலையில். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் தறி ஓட ஆரம்பித்திருந்ததால் போனில் வந்த குரல் சரியாகக் காதில் விழவில்லை. கூப்பிட்டது பாவாயி. அக்காவின் பெரியப்பா நடத்தும் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை செய்கிறவர். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படமே அவரையும் அவரோடு வேலை செய்யும் பெண்களையும் பற்றியதுதான்.

"அம்மிணி செத்துப்போச்சுங்க" என்றார்.

எந்த அம்மிணி என்று கேட்டேன். பண்ணைக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கே வயதானவர்கள் இரண்டு பேர் படுக்கையில் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம அம்மிணிதானுங்க" என்றார் பாவாயி.

குளிக்கப் போனவர் உள்ளேயே விழுந்திருக்கிறார். சங்ககிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இல்லை. மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். படத்தில் ஒலிப்பதிவு என் வேலை. "காத்துச் சத்தத்த மூட்ட மூட்டயா அள்ளிப்போட்டுக்கிட்டு வந்திருக்கறயே சாமி, நான் என்ன காத்தையா படம் எடுக்கறேன்?" பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் இன்னும் இருக்கிறது.

போனில் பாவாயி அடுத்துக் கேட்டது இதுதான். "அந்தப் பொட்டி இப்ப யாருகிட்டீங்க இருக்குது?"

பொட்டி என்று அவர் சொன்னது படம் முழுவதும் பதிவாகியிருந்த ஹார்ட் டிஸ்கை. ஒரு மனுஷி செத்துக் கிடக்கும்போது இதையா கேட்பது என்று எனக்குச் சுருக்கென்றது. சங்ககிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

சங்ககிரியிலிருந்து அக்காவின் ஊருக்குத் திரும்பும் பாதையில் அதற்குள் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா பல வருடமாக முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவர். பிளெக்ஸில் ஒரு பட்டுப் புடவைமேல் அவர் முகத்தை ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் அட்டிகை. காதுக்குப் பக்கத்தில் பூச்சரத்தின் நுனி தெரிந்தது. கீழே யாருடைய மகள், யாருடைய அக்கா, யார் யாருக்கு அத்தை என்று வரிசையாகப் பெயர்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது. லாரி வைத்திருக்கும் மாமன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் டிரான்ஸ்போர்ட் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

அவருடைய வேலைக்கு அந்த வீட்டில் என்றைக்கும் பெயர் இருந்ததில்லை. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தார். அங்கேயும் கொச்சியிலும் டெல்லியிலும் பல வருடம் கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைக்கும் கியூரேட்டராக வேலை பார்த்தார். விசேஷங்களுக்கு ஊருக்கு வரும்போது, நீ என்னதான் பண்ற என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். படம் மாட்டற வேலை என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். ஆணி அடிக்கறதுக்கா இத்தன படிப்பு என்று ஒரு சித்தப்பா கேட்டதை அக்காவே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் நானும் கேட்டேன். உண்மையிலேயே அது என்ன வேலை என்று எனக்கும் தெளிவில்லை.

"எதுக்குப் பக்கத்துல எத வெக்கறது, எத தள்ளி வெக்கறதுன்னு முடிவு பண்ற வேல சாமி. எங்க பெரியப்பனும் அதேதான் பண்றாரு. அவரு ஆளுங்கள வெச்சுப் பண்றாரு" என்றார்.

அக்காவின் அப்பா இறந்தபோது பங்காகப் பெரியப்பா வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஒரு பழைய வீடும், கொஞ்சம் நிலமும், ஓடாமல் நின்றுபோன ஒரு கோழி ஷெட்டும் அவருக்கு வந்தன. அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தார்கள். நிலத்தை மட்டும் விற்றார். அதை வைத்துப் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் பெண்களைப் பற்றி ஒரு படம் தயாரித்தார். அவர் தயாரித்த முதல் படம் அது. அதில் ஒலிப்பதிவுக்கு உள்ளூரில் ஆள் தேடியபோதுதான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். படம் வெளிநாடுகளுக்கெல்லாம் போனது. நல்ல பெயர் கிடைத்தது. பெரிய நகரங்களில் ஏசி அரங்குகளில் போட்டார்கள். எங்கள் தெருவில் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

அந்தப் படத்தில் ஒரு அம்மா வருவார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்ததும் தறிக்குக் கீழேயே சுருண்டு படுத்து, வாய் திறந்தபடி தூங்குவார். நிறையப் பேர் பாராட்டிய காட்சி அது. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி போனில் சுற்றவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி அந்த அம்மாவின் மருமகன் கைக்கு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் அந்த அம்மா அக்காவைத் தேடி வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அழவில்லை, கத்தவில்லை.

"என்ற மூஞ்சிய ஊரு ஒலகமெல்லாம் பாத்து முடிச்சுப்போட்டு, கடசியா எனக்குக் காட்டறீங்க. இது நாயங்களா?" என்று கேட்டார்.

அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார். அந்த அம்மா அதை வாங்கிக்கொள்ளாமலேயே போய்விட்டார். அடுத்த நாளே அக்கா அந்தப் படத்தை எங்கும் திரையிட வேண்டாம் என்று நிறுத்தினார். நல்ல வாய்ப்புகள் வந்துகொண்டிருந்த நேரம். இயக்குநர் அக்காவோடு பேசுவதை விட்டுவிட்டார், இன்றுவரை பேசவில்லை. அன்றிலிருந்து அக்கா ஒரு விதி வைத்தார். படத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் எதை எடுக்கச் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இயக்குநரோ எடிட்டரோ பத்திரிகைக்காரரோ, அதற்கு முன்னால் யாரும் முழுதாகப் பார்க்கக் கூடாது. சினிமாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான விதி என்று. எடிட்டர் வரமாட்டேன் என்றால் தானே எடிட்டிங் பழகிக்கொள்வதாகச் சொன்னார். பழகியும் கொண்டார், ரொம்ப மோசமாக.

அந்த விதியை வைத்து அவர் செய்த முதல் காரியம் கோழி ஷெட் கண்காட்சி. இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வீடியோக்காரர் இல்லாமல் நடக்காது. சங்ககிரி, திருச்செங்கோடு ஸ்டுடியோக்களில் ஏறி இறங்கி, கல்யாண வீடியோக்களில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை அக்கா சேகரித்தார். வெட்டியதில் எல்லாம் ஒரே மாதிரி ஆட்கள்தான் இருந்தார்கள். பறை அடிக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், கடைசிப் பந்திக்காகப் பந்தலுக்கு வெளியே காத்திருக்கிறவர்கள். கேமரா தெரியாமல் அவர்கள்மேல் விழுந்திருக்கும், உடனே விலகியிருக்கும். அந்தத் துண்டுகளில் இருந்த ஆட்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ச் சம்மதம் கேட்டார். ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று அரசாங்கம் ஒரு காலத்தில் கொடுத்த இலவச டிவிகள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கிவந்து, கழுவிக் காயவைத்த கோழிக் கூண்டுகளுக்குள் வைத்து ஓடவிட்டார்.

எந்தப் பண்ணையிலும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிக் கிருமி கோழிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஷெட் வாசலில் அந்தத் தொட்டியை அக்கா அப்படியே வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு கேலரிக்காரர் தன் தோல் ஷூவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், உள்ளே கோழியே இல்லையே என்றார். "கோழிக்குக் குடுக்கற மரியாதைய மனுசருக்கும் குடுத்துப் பாக்கறோமுங்க, கால வையுங்க" என்றார் அக்கா. அவர் வைத்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், துண்டுகளில் இருந்தவர்கள் மட்டும் வந்து பார்த்தார்கள். பெரும்பாலும் காலனி ஆட்கள். முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டிக் கிண்டல் செய்துகொண்டார்கள். பறை அடிக்கும் ஒருவர் மட்டும் ஒரு டிவி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எச்சில் இலைகளுக்குப் பக்கத்தில் அவர் குந்தி உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவது அதில் ஓடியது. இதை எடுத்துவிடச் சொன்னார். அந்தக் கண்காட்சியிலேயே மனதை அறுக்கும் துண்டு அதுதான். அக்கா மறுபேச்சில்லாமல் டிவியை அணைத்துக் கூண்டைவிட்டு வெளியே எடுத்தார். இதை எல்லோரும் பார்க்க வேண்டாமா, ஊரே வெட்கப்பட வேண்டாமா என்று நான் சண்டை போட்டேன். "ஊரு வெக்கப்படறதுக்கு அவரு எதுக்கு உக்காந்து சாப்பிடோணும்? அது அவரு முதுகு" என்றார். எனக்கு அன்று கோபம் தீரவில்லை. கூண்டு காலியாகவே இருந்தது.

மறுநாள் அவருடைய பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், பின்னால் நாலைந்து பேரோடு. ஒரு டிவியில் அவர் மகனின் கல்யாணம் ஓடியது. மணமேடைக்கு முன்னால் குடும்பம் படத்துக்கு நிற்கிறது. ஓரத்தில் பறையோடு நிற்பவர்களைப் பார்த்து அவர் கையை வீசி, "ஏய், அக்கட்டால போங்கடா, அக்கட்டால" என்று விரட்டுகிறார். அவர்கள் பின்னுக்கு நகர்கிறார்கள், இன்னும் நகர்கிறார்கள், கேமராவைவிட்டே போகிறார்கள். அதைப் பெரியப்பா பார்த்தபோது, இடித்து நொறுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்தவர்களைக் கூப்பிட்டார். நம்ம பிள்ளை நம்மையும் இதில் வைத்திருக்கிறது பார் என்றார். "பளிச்சுனு உளுந்திருக்கறேன்" என்று சந்தோஷப்பட்டு, இது ஆல்பத்தில் வரவில்லையே, ஒரு காப்பி போட்டுக் கொடு என்று அக்காவிடம் கேட்டார். சத்தியமாக அவருக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. கூட வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

அப்புறம் யாரோ சொன்னார்கள், காலனி ஆட்கள் நேற்றே வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று. அவர் முகம் அப்போதுதான் மாறியது.

"எனக்கு முந்தியா?" என்றார்.

கையிலிருந்த டீயைக் கூண்டின்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அக்காவோடு அவர் பேசவில்லை. "விரட்டுனது அவருக்கு உறைக்கல சாமி, வரிச மாறுனதுதான் உறைச்சுது" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, காலி ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவரை நான் தெய்வமாக்கப் போவதில்லை. அவர் கோபக்காரர். தான் சொன்னதுதான் சரி என்று நிற்பார். கூட வேலை செய்கிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பிடித்ததை எடுத்துத் தின்பார், கேட்க மாட்டார். நாங்கள் பஸ்ஸில் வருவோம், அவர் காரில் வருவார், தாமதமானால் எங்களைத் திட்டுவார். நிலத்தை விற்றுக் கொள்கையைக் காப்பாற்ற முடிந்தது, ஏனென்றால் விற்க நிலம் இருந்தது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஆமாஞ் சாமி, எங்கூட்டு நெலம். அதுல பாதி யாரு ஒழச்ச நெலமுன்னுதான் அடுத்த படம்" என்றார்.

அந்த அடுத்த படம்தான் இப்போது பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

பண்ணையில் முட்டை எடுக்கும் பெண்களின் வாழ்க்கை. அவர்கள் குடியிருப்பது பெரியப்பாவின் நிலத்தில், அவர் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில். வேலை போனால் வீடும் போகும். அதனால் படப்பிடிப்பு அங்கே நடக்கவில்லை. வேலை முடிந்து அவர்கள் அக்காவின் ஷெட்டுக்கு வருவார்கள். என்ன எடுக்கிறாய் என்று பெரியப்பா கேட்டபோது கோழியை என்று சொல்லியிருந்தார். "பொய்யில்ல, கோழியும் வருதில்ல" என்பார் எங்களிடம்.

முதலில் யாரும் தங்களைப் பற்றிப் பேசவில்லை. கோழிக்கு என்ன தீனி, எத்தனை மணிக்குத் தண்ணீர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவாயி கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தன் விதியைச் சொன்னார். நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள், வேண்டாம் என்றதை எடுத்துவிடுவேன், மொத்தமுமே வேண்டாம் என்றால் மொத்தமும் அழித்துவிடுவேன். பாவாயி நம்பவில்லை.

"உங்க பெரீப்பன் வந்து மொதல்ல எனக்குக் காட்டுன்னு கேட்டா?" என்றார்.

"அக்கட்டால போங்கன்னு சொல்றேன்" என்றார் அக்கா.

பாவாயி சிரித்துவிட்டார். அவர் திரும்பி உட்கார்ந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு அவர் பேசியதை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டவன் நான். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாருடைய நிலத்தில் குடியிருக்கிறார்களோ அவரைப் பற்றிப் பெயர் சொல்லிப் பேசினார்கள். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது, தங்களுக்கு என்ன நடந்தது என்று பேசினார்கள். பேசி முடித்ததும் பாவாயி மைக்கைத் தானே கழற்றி என் கையில் கொடுத்து, இதை எடுப்பதா வைப்பதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

தினமும் வேலை முடிந்ததும் அக்கா கையை நீட்டுவார். கேமராமேனும் நானும் மெமரி கார்டைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் அந்த ஒரே டிஸ்கில் ஏறும். இன்னொரு காப்பி வேண்டும், ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் மொத்தமும் போய்விடும் என்று நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். "உங்கிட்ட ஒண்ணு குடுத்தா நீ போட்டுப் பாப்ப. அப்ப மொதல்ல பாத்தது யாரு?" என்பார். பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். "நான் உன்னய நம்பறேன் சாமி. பாவாயி எதுக்கு உன்னய நம்போணும்?" என்றார். கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தான் செத்துப்போகலாம் என்று அவர் யோசிக்கவே இல்லை. தன் விதி தன்னோடு இருக்கும்வரைதான் விதி என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கு யாரிடமிருந்து காவல் வேண்டுமோ, அதே ஆட்களின் வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஒற்றைக் காப்பியையும் வைத்துவிட்டு, காலையில் குளிக்கப் போய்விட்டார்.

அன்று நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். உடலை நடுவில் கிடத்தியிருந்தார்கள். நிஜமாகவே பட்டுப் புடவை கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இவர் யார் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. பாவாயியும் மற்றப் பெண்களும் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அந்த ஊரில் இல்லை.

வேலை அறையில் பூட்டு தொங்கியது. சாவி அக்காவின் தம்பி சரவணனிடம். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் டேய், ஏய் என்று கூப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். கோழி ஷெட்டில் அந்த டிவிகளுக்கெல்லாம் மின் இணைப்பு கொடுத்தவர் அவர்தான். படத்தில் இருப்பவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவரை ஓரமாகக் கூட்டிப்போய், அந்த டிஸ்கை என்னிடம்கூட வேண்டாம், பாவாயியிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். சரவணன் பெரியப்பா பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, என் தோளில் கைகூட வைத்தார்.

"எங்கூட்டுப் புள்ள எடுத்தத நாங்க பாக்காம வேற யாருங்க தம்பி பாக்கறது? கருமாதி முடியட்டும். பங்காளிக எல்லாரும் ஒக்காந்து போட்டுப் பாக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. அவர் எதையும் மறைக்கத் திட்டமிடவில்லை. அதில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. இறந்துபோன தங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார். திரையில் முதல் முகமாகப் பாவாயி வருவார், பேச ஆரம்பிப்பார்.

சட்டப்படி வாரிசு தம்பிதான் என்பது எனக்குத் தெரியும். ஒரு வக்கீலிடமும் கேட்டுப் பார்த்தோம். பொருள் வாரிசுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். அக்கா பாவாயிக்குக் கொடுத்த வாக்கு வாய்ச்சொல். அவருடைய கலையுலக நண்பர்களுக்கும் சொன்னேன். அவர் நினைவாக ஒரு கூட்டம் நடத்தலாம், அந்தப் படத்தையும் அங்கே திரையிடலாம் என்று ஆர்வமாகச் சொன்னார்கள். யாருக்கு முதலில் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரோடு வருடக்கணக்கில் பழகியவர்கள்.

கருமாதி முடிந்துவிட்டது. டிஸ்கை டிவியில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் குடும்பத்தார் இன்னும் பார்க்கவில்லை. அக்கா சேர்த்துவைத்த விதம் அவருக்கு மட்டும்தான் புரியும். சங்ககிரியிலிருந்து கல்யாண ஸ்டுடியோக்காரரை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாவாயி சொன்னார். இந்த வாரத்துக்குள் வந்துவிடுவாராம். பண்ணையில் இரண்டு பெண்கள் இப்போதே சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதலாமா, எழுதினால் பண்ணைக்காரர் வீட்டுக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்துவிடாதா என்று பாவாயியிடம் கேட்டேன். "பாத்தாங்கன்னா எப்பிடியும் தெரியத்தான போவுது. என்ற பேரப் போட்டே எழுதுங்க" என்றார். மற்றவர்கள் பெயரை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை.

பாவாயி அந்த ஷெட்டில் உட்கார்ந்து என்ன பேசினார் என்பது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. எழுதினால் இந்தக் கட்டுரையைப் பத்துப் பேர் கூடுதலாகப் படிப்பார்கள், இரண்டு பேர் கொதித்துப்போவார்கள். எழுத மாட்டேன். அவர் இன்னும் தன் பேச்சைப் பார்க்கவில்லை, எடுப்பதா வைப்பதா என்று சொல்லவில்லை. இந்திராணி அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வாய்ப்பூட்டு மட்டும்தான். பழைய நானாக இருந்திருந்தால் ஊர் வெட்கப்பட வேண்டும் என்று இந்நேரம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

நேற்று சரவணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவில்லை. வைக்கவும் இல்லை. கடைசியில் நான்தான் வைத்தேன். போனில் சொன்னதையே இங்கே, உங்கள் அக்காவைத் தெரிந்த எல்லோருக்கும் முன்னால் இன்னொரு முறை கேட்கிறேன்.

சரவணன், ஸ்டுடியோக்காரர் வருவதற்குள் அந்த அறையைத் திறங்கள். டிஸ்கை எடுத்துக்கொண்டு வரிசை வீட்டுக்கு நடந்து போங்கள். பாவாயி கையில் கொடுங்கள்.